ஒரம்பரையும் அந்நியரும்



நம் கொங்குப் பகுதியில் வீட்டுக்கு வருகிறவரை ‘ஒரம்பரை’ என்கிறோம். திண்ணையில் உட்கார்ந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்போம். சாப்பிடாமல் அனுப்ப மாட்டோம். ஆனால் ஒரம்பரை என்றால் உறவுக்காரர். ‘விருந்து’ என்ற பழந்தமிழ்ச் சொல்லோ புதுமையைக் குறித்தது. முன்பின் அறியாமல் புதிதாக வந்தவரே விருந்தினர். எபிரேயர் திருமுகத்தின் 13ஆம் அதிகாரம் விருந்தோம்பலுக்குப் பயன்படுத்தும் கிரேக்கச் சொல்லுக்கும் ‘அந்நியர்மீது அன்பு’ என்பதே பொருள். உறவினருக்கு இலை போடுவது நல்ல வழக்கம். அந்நியருக்கு இலை போடுவது நற்செய்தி.

நம் காரமடைச் சாலைக்கே இதில் ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஏழை மக்கள் இலங்கை மலைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். முதலில் காப்பி, பிறகு தேயிலை. தலைமுறை தலைமுறையாக உழைத்த அவர்களை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று பிரதமர்கள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் உடன்பாடு செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு; மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. 1974இல் அவர்களையும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒரே குடும்பத்தில் சிலர் அங்கும் சிலர் இங்குமாகப் பிரிந்த கதைகள் பல.

தலைமன்னாரிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமில் பதிந்து, பாட்டன் ஊரைத் தேடிப் போனவர்களுக்கு அங்கே நிலமும் இல்லை, அடையாளம் காண ஆளும் இல்லை. தெரிந்த தொழில் கொழுந்து பறிப்பது ஒன்றுதான். அதனால் பலர் கோவை, காரமடை, மேட்டுப்பாளையம் கடந்து நீலகிரி ஏறினார்கள். அவர்களுக்காகவே 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் 1976இல் ‘டான்டீ’ நிறுவனமாயிற்று. இன்று நாம் பார்க்கும் ரெப்கோ வங்கியும் 1969இல் தாயகம் திரும்பியவர்களுக்காகத் தொடங்கியதுதான். அரசு வேலை கொடுத்தது, குடியிருப்பும் கொடுத்தது. ஊர் என்ன கொடுத்தது? ‘சிலோன்காரர்’ என்ற பெயரைக் கொடுத்தது. அங்கே இந்தியாக்காரர், இங்கே சிலோன்காரர். சட்டம் குடியுரிமை தரலாம்; ‘வாங்க, உட்காருங்க’ என்ற சொல்லை அடுத்த வீட்டுக்காரர்தான் தர முடியும்.

லேவியர் நூல் 19ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் அந்நியரை அன்புசெய்யக் கட்டளையிடுகிறார். அதற்கு அவர் சொல்லும் காரணம், இஸ்ரயேலரும் எகிப்தில் அந்நியராய் இருந்தார்கள் என்பது. நம் இயேசுவும் கைக்குழந்தையாக அதே எகிப்துக்கு அகதியாகப் போனவர். அதனால்தான் திருத்தந்தை 12ஆம் பயஸ் 1952இல் வெளியிட்ட ஆவணத்தில், நாசரேத்துத் திருக்குடும்பத்தை எல்லா அகதிகளுக்கும் முன்மாதிரியாகக் காட்டினார்.

இன்று அதே சாலையில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலப் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். 2023 மார்ச்சில் பொய்க் காணொளிகள் பரவியபோது, நம் பகுதித் தொழிலாளர்கள் பலர் பயந்து ரயிலேறினார்கள். அதிகாரிகள் இந்தியில் விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. பொய் அத்தனை எளிதாக எடுபட்டது ஏன்? பயந்த நேரத்தில் நம்பிக் கேட்பதற்கு ஒரு உள்ளூர் முகம்கூட அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆகவே இந்த வாரம் ஒன்று செய்வோம். நம் தெருவில், நம் தோட்டத்தில், நம் பட்டறையில் வேலை செய்யும் ஒருவருடைய பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம். ‘வடக்கன்’ என்பது பெயர் அல்ல. வாடகை வீடு வைத்திருப்பவர்கள் ஊர்க்காரரிடம் வாங்கும் வாடகையையே அவர்களிடமும் வாங்குங்கள். திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்பவர்களை முன்னால் அழைத்து உட்காரவையுங்கள். ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் நம்மைப்போலக் கத்தோலிக்கர் ஏராளம்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் நடுவராய் வரும் ஆண்டவர் யாரிடமும் ஆதார் அட்டை கேட்கவில்லை. அந்நியராய் வந்த என்னை வீட்டுக்குள் அழைத்தாயா என்பதே அவர் கேள்வி. அதற்குப் பதிலை நம் வாசற்படியில்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆமென்.