அலமாரியில் இல்லாதது திரைக்கு வராது



மரக்காணத்துக் கரையைப் பற்றி எழுதி வைக்கப்பட்டவை குறைவில்லை. பூமீஸ்வரர் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பு கம்பெனியின் ஏகபோகமானது. அதன்பின் அளமும் விளைச்சலும் வரியும் அரசு ஏட்டில் ஏறின. பக்கிங்ஹாம் கால்வாய் தெற்கே வந்து முடிவதும் இங்கேதான். பாத்தி மிதித்தவர், உப்பு வாரியவர், தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டியவர் யார் யார் என்று கேட்டால் அந்த ஏடுகள் வாய் திறப்பதில்லை. 1930-இல் வேதாரண்யத்துக்கு நடந்து போய் உப்பு அள்ளியவர்களைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட அறியும். அதற்கு முன்னும் பின்னும் அதையே கூலிக்குச் செய்தவர்கள் வரலாற்றில் வரவில்லை.

இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம். அதன் நூலகத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளை பெயர் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சு ஆளுநரிடம் துபாஷியாக இருந்தவர். 1736 முதல் நாட்குறிப்பு எழுதியவர். அந்த நாட்குறிப்பு தப்பிப் பிழைத்தது நல்லதுதான். நம் கேள்வி வேறு. யாருடைய காகிதம் நூலகத்துக்குள் போகிறது, யாருடையது போவதில்லை? பல்கலைக்கழக நூலகம் டிஜிட்டல் ஆகிவிட்டது என்று எல்லாரும் பேசும் இந்தக் காலத்தில் அந்தக் கேள்வி தீர்ந்துவிட்டதா?

1907-ஐ எடுத்துக்கொள்வோம். சென்னைப் பல்கலைக்கழக நூலகம் நிறுவப்பட்ட ஆண்டு அது. அதே ஆண்டு ஜூன் 19-இல் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். சேப்பாக்கத்துக்கும் இராயப்பேட்டைக்கும் நடந்தே போகலாம். 1924-இல் எஸ்.ஆர். ரங்கநாதன் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார்; 1931-இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு வேண்டிய நூல் கிடைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பெரிய விதி, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அயோத்திதாசரின் எழுத்து ஒரு நூலாக நம் கைக்கு வந்தது, அவர் இறந்து 85 ஆண்டுகள் கழித்து, 1999-இல். ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது. அதற்கு ஆதாரமான பழைய இதழ்களைக் காத்து வைத்திருந்தவர்கள் தனிமனிதர்கள். அன்பு பொன்னோவியம் அவர்களில் முக்கியமானவர். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய தொழிலாளிகளும் அந்த எழுத்தை மறு அச்சிட்டுக் காப்பாற்றினார்கள். நம் நூலகம் டிரங்குப் பெட்டியாகவும் பரணாகவும்தான் இருந்தது.

இன்னும் பின்னால் போனால் நிலைமை மோசம். 1867-இன் அச்சகச் சட்டப்படி அச்சான ஒவ்வொன்றையும் அரசு பதிவு செய்தது. ‘சூரியோதயம்’ 1869, ‘பஞ்சமன்’ 1871 என்று பெயரும் ஆண்டும் சொல்கிறோம். இதழைக் காட்டு என்றால் காட்ட முடிவதில்லை. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தொடங்கிய ‘பறையன்’ இதழும் முழுத் தொகுப்பாக நம்மிடம் இல்லை. சுதேசி இதழ்களைக் கண்காணிக்க அரசு மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலத்தில் எடுத்த சுருக்கங்களில் அதன் குரல் துண்டு துண்டாகக் கேட்கிறது. நம் பாட்டனின் பேச்சைப் போலீஸ் குறிப்பேட்டில் படிப்பது போல. ஜெ. பாலசுப்பிரமணியம் 1869 முதல் 1943 வரையான தலித் இதழ்களைப் பற்றி எழுதிய நூலை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

டிஜிட்டல் காலம் நமக்குத் தந்ததைக் குறைத்துச் சொல்லக் கூடாது. முன்பு ஓர் ஆய்வேட்டைப் பார்க்கத் துறைத்தலைவர் கடிதம் வேண்டும், பஸ் கூலி வேண்டும், ஒரு நாள் வேலையை விட வேண்டும். இன்று ‘சோத்கங்கா’ தளத்தில் அதைப் போனிலேயே படிக்கலாம். 2017-இல் தமிழ் இணையக் கல்விக்கழகம் திறந்த மின்னூலகத்தில் நூற்றாண்டு பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. யாரென்றும் எந்த ஊரென்றும் எந்தத் தெருவென்றும் அந்தத் திரை கேட்பதில்லை. நம் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமே இல்லை.

ஆனால் ஸ்கேனர் அலமாரியில் இருப்பதைத்தான் படம் எடுக்கும். எடுத்த படத்திலும் சொல்லைத் தேட முடிய வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா வடிவங்களில் கணினி இன்றும் தடுமாறுகிறது. இன்னொரு பக்கம், மத்திய அரசு 2024 நவம்பரில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசு நிறுவனங்களில் படிக்கலாம். நல்லது, படிப்போம். சந்தா நின்றால் கதவு மூடும் என்பதையும் நினைவில் வைப்போம். வாங்கிச் சேர்த்து வைக்கும் இடமாக இருந்த நூலகம் வாடகைக்கு வாசிக்கும் இடமாகிவருகிறது. அந்த 13,000-க்குள் நம் சிற்றிதழ்கள் வரப்போவதில்லை.

பழைய பதிவின் ஓட்டை கணினிக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்முன் சாட்சி உண்டு. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30-இல் 1010 எண் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதன் வழியாக வந்தது. 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் கணக்குச் சொல்கின்றன. பிறருக்கு விற்க முடியாது என்ற நிபந்தனை கிராமக் கணக்கில் ஒரு சிறு குறிப்பாக இருந்தது. 1979-இலிருந்து 1987 வரை யு.டி.ஆர். என்னும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தபோது பல ஊர்களில் அந்தக் குறிப்பு காணாமல் போனது. பிறகு கணினியில் ஏறியது யு.டி.ஆருக்குப் பிந்தைய பதிவு. இன்று ஆன்லைனில் சிட்டா எடுத்துப் பார்த்தால் சுத்தமாக, தெளிவாக, வேறொருவர் பெயரில் இருக்கும். பஞ்சமி என்று நிரூபிக்க வேண்டுமானால் பழைய அ-பதிவேட்டையும் செட்டில்மென்ட் பதிவேட்டையும் தேடி அலைய வேண்டும். திரமென்ஹீரின் அறிக்கை ஆவணக் காப்பகத்தில் நூறாண்டு கிடந்தது. 1990-களில் அது தோழர்கள் கைக்கு வந்த காலத்தில்தான் காரணை நிலப் போராட்டம் எழுந்தது. 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். ஒரு காகிதம் வெளியே வந்ததற்கும் ஒரு நிலத்தில் கொடி ஏறியதற்கும் இடையிலான தூரம் அவ்வளவுதான்.

பல்கலைக்கழகம் இதில் என்ன செய்ய முடியும்? கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற பெயர்ப்பலகை ஓவியர் பழைய புத்தகங்களும் நாடக நோட்டீசுகளும் சேர்த்தார். 1992-இல் அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை 1994-இல் வாங்கியது. கப்பலில் ஏற்றிக்கொண்டு போகாமல் சென்னையிலேயே நூலகமாக்கி, மைக்ரோஃபிலிம் எடுத்தது. தூரத்துப் பல்கலைக்கழகம் செய்ததைப் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் செய்யாமல் இருக்கக் காரணம் பணம் மட்டும்தானா என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். நூலகர் இனி மேசையை விட்டு எழுந்து சேரிக்கும் அளத்துக்கும் வர வேண்டும். வராவிட்டால் நாம் சேர்த்து எடுத்துக்கொண்டு போய் அவர் மேசையில் வைக்க வேண்டும்.

இந்தக் கரையில் சேர்க்க என்ன இருக்கிறது? அளத்துக் குத்தகைச் சீட்டு, கூலி எழுதிய நோட்டு, சங்கத் துண்டறிக்கை, அம்பேத்கர் பிறந்தநாள் நோட்டீசு, பழைய பட்டா, கல்யாணப் பத்திரிகை. 2013 ஏப்ரல் 25-இல் இங்கே தலித் குடிசைகள் எரிக்கப்பட்டபோது வந்த உண்மை அறியும் குழு அறிக்கைகளும் அதில் சேரும். அவற்றை அப்படியே இணையத்தில் ஏற்றலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். கூடாது. புகார் கொடுத்த பெண்ணின் பெயரும் தெருவும் போனில் தேடினால் வரும்படி வைப்பது அவருக்கு இன்னொரு தாக்குதலாக முடியலாம். எதைத் திறப்பது, எதைப் பூட்டி வைப்பது என்பதைக் காகிதம் கொடுத்தவர் சொல்ல வேண்டும். அதை எழுத்தில் வாங்கி, காகிதத்தோடு சேர்த்து வைக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையில் அளத்தில் வேலை நிற்கும். வீட்டில் ஆள் இருப்பார்கள், பேச நேரம் இருக்கும். மழைக்காலம்தான் காகிதத்துக்குக் கெட்ட காலமும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் அளம் முழுக்கத் தண்ணீர் நின்றதைப் பார்த்தோம். வீட்டுக்குள் தண்ணீர் ஏறினால் முதலில் நனைவது பெட்டியின் அடியில் வைத்த கட்டுதான். ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு நல்ல போனும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு, தெருவுக்கு இருவராகக் கிளம்பினால் போதும்.