இருபத்தோராவது மைலில் பிறந்த பார்

ரெண்டு வாரமா ஆபீசில் ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் வர முடியல. நடுவில் ஒரு கூத்து நடந்தது. அதைச் சொல்லிட்டு வரலாற்றுக்குப் போயிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடும் கோஷ்டி ஒன்றில் ஆறு மாதமாக இருக்கிறேன். அங்கே ஆளாளுக்குப் பையில் ஒரு எனர்ஜி பார் வைத்திருப்பார்கள். கடையில் விலையைப் பார்த்து மயக்கம் வந்ததால் நாமே செய்துவிடலாமே என்று இறங்கினேன். பாதாம், முந்திரி, வால்நட், பூசணி விதை எல்லாம் வறுத்து, ஒட்டுவதற்குக் கொஞ்சம் பேரீச்சை, மணத்துக்கு ரெண்டு ஸ்பூன் நெய். பார்க்க அச்சு அசலா பார்தான். கிளம்பும் முன் ரெண்டு பீஸை உள்ளே தள்ளினேன். ஏழாவது கிலோமீட்டரில் வயிறு கல்லாகி, குமட்டி, கடைசியில் ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தேன்.

"எனர்ஜி பார்னு சொன்னீங்க, எனர்ஜி எங்கங்க போச்சு?" என்றார் தங்கமணி. நியாயமான கேள்வி. பதில் தேடப் போய்த்தான் பிரையன் மேக்ஸ்வெல்லிடம் மாட்டினேன்.

மேக்ஸ்வெல் கனடாக்காரர். சாதாரண ஆள் இல்லை, 1977-ல் மாரத்தானில் உலகத் தரவரிசையில் மூன்றாம் இடத்தில் இருந்தவர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான கனடா அணியில் இடம் கிடைத்தது. ஆனால் கனடா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்துவிட்டது. போச்சு! மூன்று வருடம் கழித்து, 1983-ல் இங்கிலாந்தில் ஒரு மாரத்தானில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தவருக்கு 21-ஆவது மைல் வாக்கில் கால் நகர மறுத்துவிட்டது. ஆறு பேர் தாண்டிப் போனார்கள். ஏழாவதாக முடித்தார்.

ஏன் 21-ஆவது மைல்? நம்ம பொறியியல் புத்திக்கு ஒரு தோராயக் கணக்கு. ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கலோரி செலவு. 60 கிலோ ஆளுக்கு 42 கிலோமீட்டர் ஓட 2,500 கலோரி வேண்டும். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து கிட்டத்தட்ட 2,000 கலோரிதான். வகுத்துப் பாருங்கள், 33 கிலோமீட்டர். மைலில் 20 சொச்சம்! (கூடவே கொழுப்பும் எரியும், அதனால் கணக்கு இவ்வளவு கறாராக வராது. ஆனால் கொழுப்பு மெதுவாகத்தான் எரியும், வேகமாக ஓடுகிறவனுக்கு அது மட்டும் பத்தாது.) இந்த இடத்துக்கு ஓட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'சுவர்'.

மேக்ஸ்வெல் அப்போது கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஓட்டப் பயிற்சியாளர். அங்கே உணவியல் படித்துக்கொண்டிருந்த ஜெனிஃபர் பிடல்ஃப் என்ற பெண்ணும், பில் வான் என்ற உயிர்வேதியியல்காரரும் சேர்ந்துகொண்டார்கள். சமையலறை அடுப்பில்தான் ஆராய்ச்சி. கிண்டுவது, ஓடுகிறவர்களிடம் கொடுப்பது, திட்டு வாங்குவது, மறுபடி கிண்டுவது என்று மூன்று வருடம் ஓடியது. சேமிப்பு 55,000 டாலரைப் போட்டு 1986-ல் விற்பனையைத் தொடங்கினார்கள். அதுதான் பவர்பார். பிரையனும் ஜெனிஃபரும் பிற்பாடு கல்யாணமும் செய்துகொண்டார்கள்.

என் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருந்தது. அவர்கள் கிண்டியது ருசிக்காக இல்லை. ஓடும் வயிற்றில் தங்கி உபத்திரவம் செய்யாமல் சீக்கிரம் ரத்தத்துக்குப் போக வேண்டும், அதற்காகக் கொழுப்பைக் குறைத்து மாவுச்சத்தை ஏற்றினார்கள். கொழுப்பு இரைப்பையை விட்டு இறங்க நேரமாகும். நான் செய்தது அப்படியே தலைகீழ்: கொழுப்பு மலை, அதன் மேல் நெய் வேறே!

ருசியில் பவர்பார் சுமார்தான். குளிரில் கல் மாதிரி ஆகிவிடும். சைக்கிள்காரர்கள் அதைப் பிரித்து வண்டிக் கம்பியில் ஒட்டிக்கொண்டு போவார்களாம்.

சண்டையும் அங்கேதான் ஆரம்பம். 1990-ல் கேரி எரிக்சன் என்பவர் நண்பருடன் 175 மைல் சைக்கிள் பயணம் போனார். கையில் ஆறு பவர்பார். ஐந்தைத் தின்றவருக்கு ஆறாவதை வாயில் வைக்கப் பிடிக்கவில்லை. பட்டினியாக இருந்தாலும் இது வேண்டாம் என்று தோன்றிய அந்த நிமிடத்தில், இதைவிட நல்லதாக நானே செய்கிறேன் என்று முடிவெடுத்தார். அம்மாவின் சமையலறையில் ஓட்ஸை வைத்துச் செய்து பார்த்து, 1992-ல் அப்பா கிளிஃபர்ட் பெயரில் கிளிஃப் பார் கொண்டுவந்தார்.

நான் செய்தது இந்த ரெண்டு வம்சமும் இல்லை, மூன்றாவது வம்சம். லாரா மெரிக்கன் என்ற பெண்மணிக்கு 2000-ல் கொலராடோ மலைகளில் நடந்துகொண்டிருந்தபோது உதித்த யோசனை. பேரீச்சை, பருப்பு வகைகள், சர்க்கரை சேர்ப்பதில்லை. 2003-ல் லாராபார் வந்தது. மலையில் நிதானமாக நடப்பவருக்கு அது அருமையான சாப்பாடு. மூச்சிரைக்க ஓடுகிறவருக்கு அது வேறு கதை. பேர் மட்டும் எல்லாவற்றுக்கும் எனர்ஜி பார், அங்கேதான் நான் ஏமாந்தேன்.

பணக் கதையைச் சுருக்கமா முடிச்சிடறேன். 2000-ல் பவர்பாரை நெஸ்லே 37.5 கோடி டாலருக்கு வாங்கியது. அதே வருடம் 12 கோடி டாலருக்கு விலை பேசி முடித்த கிளிஃப் பாரை, கையெழுத்துப் போடும் நாளில் தர மாட்டேன் என்று எரிக்சன் பின்வாங்கினார். 2022-ல் மாண்டெலீஸுக்கு 290 கோடி டாலருக்கு விற்றார். முதல் தடவை மாட்டேன் என்றதற்குக் கைதட்டியவர்கள் ரெண்டாவது தடவை என்ன செய்தார்களோ. நான் குறை சொல்ல மாட்டேன், 290 கோடியை எனக்கு யாராவது காட்டட்டும், அப்புறம் கொள்கை பேசுகிறேன் :-)

மேக்ஸ்வெல் 2004-ல் மாரடைப்பில் இறந்தார். வயது 51. அத்தனை ஓடியவர், ஒரு தபால் அலுவலகத்தில் சுருண்டு விழுந்தார். படித்தபோது கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சரி, என் பாரின் திருத்திய பதிப்பு. கொட்டை நீக்கிய பேரீச்சை கால் கிலோ, லேசாக வறுத்த ஓட்ஸ் ஒரு கப், உலர் திராட்சை ஒரு கைப்பிடி, முந்திரி நாலே நாலு, ஒரு சிட்டிகை உப்பு. நெய் கிடையாது. பேரீச்சையைத் தண்ணீர் விடாமல் மிக்சியில் அடித்து (மிக்சி முக்கும், விட்டு விட்டு அடிக்கவும்), மற்றதைப் பிசைந்து, தட்டில் அழுத்தி, ஃபிரிட்ஜில் ரெண்டு மணி நேரம் வைத்து வெட்ட வேண்டும்.

வர்ற ஞாயிறு 15 கிலோமீட்டர். பார் தயார். தங்கமணி என் பையில் ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய் வைத்திருக்கிறார்.