சப்பாலா ஏரியின் வரவு செலவு

மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் சப்பாலா என்று ஒரு ஊர். குவாதலஹாரா நகரிலிருந்து தெற்கே சுமார் 50 கி.மீ. அந்த ஊரின் பெயரையே கொண்ட சப்பாலா ஏரிதான் நாட்டின் மிகப் பெரிய இயற்கை ஏரி. நிரம்பினால் பரப்பு 1,100 சதுர கி.மீ. அளவுக்கு வரும், கிழக்கு மேற்காக நீளம் சுமார் 80 கி.மீ. சுற்றுலாக் கையேட்டைப் புரட்டினால் படகுச் சவாரி, அஹிஹிக் கிராமத்துக்குப் பின்னால் ஏறும் மலைப்பாதைகள், மழைக்காலத்தில் மட்டும் விழும் தெபாலோ அருவி, சான் ஹுவான் கொசலாவின் வெந்நீர் ஊற்று, குளிர்காலத்துக் கூழைக்கடாக்கள் என்று அடுக்கியிருப்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் இந்தக் காட்சிகளுக்குப் பின்னால் ஒரு பெரிய கணக்குப் புத்தகம் இருக்கிறது. நமக்குத் தெரிந்த தொழில் அதுதானே, கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

முதலில் படகுச் சவாரி. சுற்றுலாப் படகுகள் போகும் தீவுகளில் ஒன்று மெஸ்காலா. இன்று இடிந்த சுவர்களும் செடிகொடிகளுமாக அமைதியாகக் கிடக்கும் இந்தத் தீவில், 1812 முதல் 1816 வரை கரையோர கிராமங்களின் பூர்வகுடி மக்கள் ஸ்பானியப் படையை எதிர்த்து நின்றார்கள். என்கார்னாசியோன் ரோசாஸ், ஹோசே சாந்தா அனா, பாதிரியார் மார்க்கோஸ் காஸ்தெயானோஸ் ஆகியோர் தலைமை தாங்கினார்கள். துடுப்புப் படகுகளும் கவண்கற்களும்தான் அவர்களுடைய முக்கிய பலம். தீவைப் பிடிக்க முடியாத ஸ்பானியர்கள் கரையிலிருந்த ஊர்களையும் பயிர்களையும் அழித்தார்கள். கடைசியில் பசியும் நோயும்தான் வேலை செய்தன. ஆனாலும் அது சரணாகதி இல்லை, உடன்படிக்கை. பொதுமன்னிப்பு உண்டு, அழிந்த ஊர்களைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம், விதையும் உழவு மாடும் அரசு தரும். பேரரசு ஒன்று கலகக்காரர்களுக்கு ஏர் மாடு வாங்கிக் கொடுத்து சமாதானம் பேசியது சரித்திரத்தில் அபூர்வம். விவசாயக் கடன் கோப்புகளோடு காலம் தள்ளும் எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்துப்போனது :-)

அடுத்து ரயில் நிலையம். 1900-களின் தொடக்கத்தில் ஜனாதிபதி போர்ஃபீரியோ தியாஸ் ஈஸ்டர் விடுமுறைக்கு இங்கே வரத் தொடங்கினார். ராஜா போகும் இடத்துக்கு ஊரே போகும் இல்லையா? பணக்காரர்களின் மாளிகைகள் ஏரிக்கரையில் எழும்பின. 1920-ல் ரயிலும் வந்தது. 1923-ல் ஆங்கில எழுத்தாளர் டி.எச். லாரன்ஸ் சில மாதங்கள் இங்கே தங்கித் தன் மெக்சிகோ நாவலை எழுத ஆரம்பித்தார். அதில் இந்த ஊருக்கு அவர் வைத்த பெயர் சயூலா.

மேற்குப் பக்கம் இப்படிக் களைகட்டிய அதே கால அளவில், கிழக்கே வேறொரு வேலை நடந்து முடிந்திருந்தது. தியாஸ் அரசின் அனுமதியோடு மனுவேல் குவெஸ்தா கயார்தோ என்ற நிலச்சுவான்தார் ஏரியின் கிழக்கு ஓரத்தில் கரை எழுப்பி, சுமார் 50,000 ஹெக்டேர் சதுப்பு நிலத்தைப் பிரித்து விளைநிலமாக்கினார். முதலீட்டுக் கணக்கில் பிரமாதமான லாபம். நஷ்டத்தை எழுதத்தான் அதில் பத்தி இல்லை. 1926 வெள்ளத்தில் ஏரி பொங்கி எழுந்து சப்பாலா ஊருக்குள் வந்தது. சில ஆண்டுகளே ஓடிய ரயில் அத்தோடு நின்றுபோனது. அந்த நிலையக் கட்டடம் இப்போது கலாசார மையம்.

பிறகு எதிர்ப்பக்கத் தொல்லை. ஏரிக்கு வரவு என்று பார்த்தால் மழையும் லெர்மா ஆறும்தான். லெர்மாவின் தலைமாட்டு நீரை 1951 முதல் மெக்சிகோ நகரம் குழாயில் எடுக்க ஆரம்பித்தது. நடுவழியில் பாசன அணைகள். கீழே குவாதலஹாராவின் குடிநீர். 1991-ல் அதற்கென்று தனிக் குழாய்ப்பாதையே வந்துவிட்டது. இத்தனைக்கும் மேலே, ஏரியின் மிகப் பெரிய செலவு வெயில். அதிக ஆழமே 10 மீட்டர் அளவுதான் என்பதால் பரந்து கிடக்கும் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வரவு குறைந்தால் உடனே தெரிந்துவிடும். 1955-ல் ஒரு முறை வற்றியது. 2002 வாக்கில் கொள்ளளவில் 15 சதவீதம் அளவுக்கு இறங்கியது. தண்ணீர் பின்வாங்கிப் போக, கரை நடைபாதைக்கு எதிரே காய்ந்த நிலம்தான் தெரிந்தது.

2003-ல் நல்ல மழை. 2004 டிசம்பரில் லெர்மா படுகையின் 5 மாநிலங்களும் மத்திய அரசும் நீர்ப் பங்கீட்டுக்குக் கையெழுத்திட்டன. ஆற்று நீர்ப் பங்கீடு என்றால் என்ன பாடு என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2009-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சப்பாலா இடம்பெற்றது. நான் வேலை பார்க்கும் போபாலின் பெரிய ஏரி அதே பட்டியலில் 2002-லேயே ஏறிவிட்டது. பட்டியலில் பெயர் இருப்பது வேறு, ஏரியில் தண்ணீர் இருப்பது வேறு என்பது இரண்டு ஊர்க்காரர்களுக்கும் தெரியும்.

கடைசியாகக் கூழைக்கடாக்கள். மிச்சோவகான் பக்கத்துக் கரையில் பெத்தத்தான் என்ற மீனவர் ஊர். வட அமெரிக்காவின் குளிருக்குத் தப்பி ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான வெள்ளைக் கூழைக்கடாக்கள் இங்கே வந்திறங்கி, மார்ச் வாக்கில் வடக்கே திரும்பும். மீனை அரிந்து சதையை எடுத்தபின் மிஞ்சும் கழிவை மீனவர்கள் வீச, பறவைகள் கூட்டமாகப் பாயும். அதைப் பார்க்கத்தான் பயணிகள் வருகிறார்கள். மீனவனுக்குக் கழிவு, பறவைக்கு விருந்து, ஊருக்கு வருமானம். ஏரியின் கணக்கில் யாருக்கும் நஷ்டமில்லாத பதிவு இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. ஆனால் இதற்கும் மீன் வேண்டும், மீனுக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்கு லெர்மாவில் மேலே இருப்பவர்கள் மனசு வைக்க வேண்டும்.