இரு தகடும் ஒரு கடலும்

கடற்கரையிலே நிற்பவன் கண்ணுக்குப் புரண்டெழும் அலையும் மேலே கவிந்த முகிலும் ஒருங்கே தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிழற்படக் கருவிக்கு இக்காட்சி வசப்படவில்லை. 1851 ஆம் ஆண்டு முதல் வழக்கில் வந்த கொலோடியன் பூசிய கண்ணாடித் தகடு, நீலம், ஊதா ஆகிய ஒளிகளுக்கே பெரிதும் இணங்கும் இயல்பினது. கடலும் கரையும் நன்கு பதியும் வரை காத்திருந்தால், அதற்குள் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, அச்சிட்ட தாளில் வெறும் வெள்ளையாய்விடும். வானத்தை எண்ணி விரைந்து மூடினாலோ, கடல் இருளில் மூழ்கும். ஆகவே அந்நாளைய இயற்கைக் காட்சிப் படங்கள் பலவற்றின் மேற்பகுதி எழுதாத ஏடு போலவே கிடந்தது.

பிரான்சு நாட்டவரான குஸ்தாவ் லெ கிரே முதலில் ஓவியம் பயின்றவர். வெறுமையான வானம் ஒரு படத்தை எவ்வளவு கெடுக்கும் என்பது ஓவியனுக்குச் சொல்லித் தெரிய வேண்டுவதன்று. 1856 ஆம் ஆண்டில் அவர் எடுத்த பாய்க்கப்பற் படம் ஒரே தகட்டிற் பதிந்தது. ஞாயிற்றை முகில் மறைத்த வேளை பார்த்து எடுத்தமையால், அதனை நிலவொளிக் காட்சி என்றே பலர் கருதினர். ஆனால் அத்தகைய வேளை எந்நாளும் வாய்ப்பதில்லையே! 1857 இல் மத்தியதரைக் கடலோரத்துச் சேத் நகரில் பேரலையைப் படமாக்கியபோது அவர் இரு தகடுகளைக் கையாண்டார். ஒன்று கடலுக்கு, மற்றொன்று முகிலுக்கு. அச்சிடும்போது முதலில் வானப்பகுதியை மறைத்துக் கடலைத் தாளிற் பதித்தல். பின்னர் கடலை மறைத்து முகிலைப் பதித்தல். இரண்டும் அடிவானக் கோட்டிலே கூடவேண்டும். மயிரிழை பிசகினாலும் படம் கெட்டது. ஒளி வரும் திசையும் இரு தகடுகளிலும் ஒத்திருத்தல் வேண்டும். அலையின் மீது ஒரு பக்கத்திலிருந்தும் முகிலின் மீது மறுபக்கத்திலிருந்தும் வெயில் அடித்தால் யார் நம்புவார்?

பொருத்தமான முகிற் தகடு ஒன்று கிடைத்தபின், அதனையே அவர் வேறு கடற்படங்களுக்கும் பயன்படுத்தினார். ஒரே வானம் பல கடல்களின் மேல் நிற்கிறது. இது ஏமாற்றா, கலையா? கேள்வி எளிதிற் தள்ளக்கூடியதன்று; அந்த நாளில் அந்தக் கடலின் மேல் அந்த முகில் நிற்கவில்லை என்பது உண்மை. ஆயினும் வெள்ளைத் தாளாய்க் கிடந்த வானம் அதனினும் பெரிய பொய் அல்லவா? பல தகடுகளை ஒட்டிப் படம் புனையும் வழக்கத்தைக் கடுமையாக எதிர்த்த ஆங்கிலேயர் பீற்றர் ஹென்றி எமர்சன்கூட, 1889 இல் வெளியிட்ட நூலில், முகிலைச் சேர்த்து அச்சிடுவதை மட்டும் ஏற்றுக்கொண்டார். செம்மையாகச் செய்தால், காட்சியின் தோற்றம் அதனால் மேலும் உண்மையாகும் என்பது அவர் கருத்து.

லெ கிரேயின் தொழில் நிலைக்கவில்லை. 1860 இல் நாவலாசிரியர் அலெக்சாந்தர் தூமாவுடன் கப்பலேறிப் பாரிஸ் மாநகரை விட்டகன்றவர், வழியிற் கைவிடப்பட்டு, ஈற்றில் எகிப்தை அடைந்து, கெய்ரோவில் சித்திரம் கற்பித்து, 1884 இல் அங்கேயே காலமானார். பேரலைப் படத்தின் பிரதி ஒன்று 1999 ஆம் ஆண்டு இலண்டன் ஏலத்தில் 507,500 பவுணுக்கு விலைபோயிற்று. படத்தைக் கூர்ந்து நோக்குவோர் அடிவானத்திலே முகில்கள் திடீரென அறுபட்டு நிற்பதைக் காணலாம். இரு தகடுகளும் கூடிய இடம் அதுவே.