97 பெரிசா, 136 பெரிசா?

திருப்பூரிலிருந்து மங்கலம் ரோட்டில் போனால் பனியன் கம்பெனிகளின் ஓவர்லாக் சத்தம் குறைந்து, விசைத்தறியின் 'டடக் டடக்' ஆரம்பிக்கும். தறிக்குடோன் என்பார்கள் அந்தப் பக்கம். அப்படி ஒரு குடோன்காரரைப் பார்க்கப் போயிருந்தேன். எழுபதைத் தாண்டியவர். கிரிக்கெட் பைத்தியம். சுவரில் தொங்கிய நோட்டை எடுத்துக் காட்டினார். யார் எத்தனை மீட்டர் ஓட்டினார்கள் என்ற கணக்கு.

''மீட்டர் கணக்குல இவன்தானுங்க நெம்பர் ஒன்'' என்று ஒரு பையனைக் காட்டினார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, ''ஆனா இந்த நோட்டுல பேரே இல்லாத ஆளு ஒருத்தர் இருக்காரு. பாவு பிணைக்கிறவரு. அவரு வரலைன்னா அத்தனை தறியும் நிக்கும். இப்பச் சொல்லுங்க, யாருங்க ஒசத்தி?''

பாவு பிணைப்பது தெரியுமில்லையா? தறியில் ஓடிய பாவு தீர்ந்ததும், புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். அந்த வேலையில் ஒரு மீட்டர் துணிகூட நெய்யப்படுவதில்லை.

அவர் கேட்ட கேள்வியை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போடுகிறார்கள். பேஸ்பாலில் வருஷா வருஷம் ஒவ்வொரு லீகிலும் 'மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்' என்று ஒருவருக்கு விருது. ஓட்டுப் போடுவது பத்திரிகைக்காரர்கள். 1947-ல் டெட் வில்லியம்ஸ் என்பவர் தன் லீகில் சராசரியில் முதலிடம், ஹோம் ரன்னில் முதலிடம் (32), அணிக்கு ரன் சேர்த்துக் கொடுத்ததிலும் முதலிடம். விருது? 20 ஹோம் ரன் அடித்த ஜோ டிமாஜியோவுக்கு! 202-க்கு 201, ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். டிமாஜியோவின் அணி அந்த வருஷம் முதலில் வந்தது, வில்லியம்ஸின் அணி வரவில்லை. தவிர, வில்லியம்ஸுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் ஆகவே ஆகாது.

இன்னொரு விஷயம். பேஸ்பாலின் புள்ளிவிவர அட்டையை உருவாக்கிய ஹென்றி சாட்விக், இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்கா போனவர். கிரிக்கெட் நிருபராக இருந்தவர். நம் ஸ்கோர்கார்டு பழக்கத்தைத்தான் அங்கே கொண்டுபோனார். சுமார் நூறு வருஷம் கழித்து அந்தக் கணக்கில் ஓட்டை இருக்கிறது என்று சொன்னவர் பில் ஜேம்ஸ். 1970-களில் கன்ஸாஸ் மாநிலத்தில், பீன்ஸை டப்பாவில் அடைக்கும் ஒரு தொழிற்சாலையில் இவர் இரவுக் காவலாளி! உட்கார்ந்த இடத்தில் கணக்குப் போட்டு, 1977-ல் சொந்தச் செலவில் புத்தகம் போட்டார். பேஸ்பாலில் நாலு தப்பான பந்து வந்தால், அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். பொறுமையாக நின்று அப்படிப் போகிறவருக்குச் சராசரியில் ஒன்றும் ஏறாது. ஆனால் அணிக்கு அது லாபம்தானே என்றார். பெரிய கிளப்புகள் அதைக் காதில் போட்டுக்கொள்ள இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அமெரிக்கா இருக்கட்டும். இதே கணக்கு நம் வீட்டுக்குள் ஒரு வெடியைப் போட்டது 2001-ல்.

அந்த வருஷம் 'விஸ்டன் 100' என்று ஒரு பட்டியல் வந்தது. அதுவரை நடந்த 1,500-க்கும் மேற்பட்ட டெஸ்ட்டுகளில் ஆடப்பட்ட எல்லா இன்னிங்ஸையும் கம்ப்யூட்டரில் போட்டு அலசி எடுத்த தலைசிறந்த நூறு. கணக்குப் போட்டவர் அனந்த நாராயணன் என்ற இந்தியர். வெறும் ரன்னைப் பார்க்கவில்லை. எதிரே பந்து போட்டவர்கள் எவ்வளவு பலசாலிகள், எந்த நிலைமையில் உள்ளே வந்தார், அணியின் மொத்தத்தில் இவர் பங்கு எவ்வளவு, ஆட்டம் ஜெயித்ததா... எல்லாவற்றுக்கும் மதிப்பெண். முதலிடம் பிராட்மேனின் 270. இரண்டாவது லாராவின் 153. கல்கத்தாவில் லக்ஷ்மண் அடித்த 281 ஆறாவது.

சச்சின்? நூறில் ஒன்றுகூட இல்லை! அப்போதே 25 டெஸ்ட் செஞ்சுரி அடித்திருந்தவர். நாடே கொதித்தது. 'கம்ப்யூட்டருக்கு மூளை இல்லை' என்று ஆரம்பித்து, இங்கே எழுத முடியாத வார்த்தைகள் வரை போனார்கள்.

நானும் கொதித்தவன்தான். ஆனால் அதே பட்டியலில் 38-வது இடத்தைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. குண்டப்பா விஸ்வநாத், ஆட்டமிழக்காமல் 97. சென்னை, சேப்பாக்கம், 1975 பொங்கல் டெஸ்ட்.

வெஸ்ட் இண்டீஸ் வந்திருந்தது. முதல் இரண்டு டெஸ்ட்டில் நமக்கு உதை. மூன்றாவதில் ஜெயித்து, நான்காவதுக்குச் சென்னை வந்தார்கள். காயத்தால் கவாஸ்கர் இல்லை. ஆண்டி ராபர்ட்ஸ் போட்ட போடில் 117-க்கு 8 விக்கெட். ஐந்தடி சொச்ச உயரத்தில் விஸ்வநாத் மட்டும் ஒரு பக்கம் நிற்கிறார், ஸ்கொயர் கட் பறக்கிறது. கூட நின்றது பிஷன் பேடி, அப்புறம் சந்திரசேகர். சந்திரசேகரின் பேட்டிங் பற்றிச் சொல்லவே வேண்டாம். 58 டெஸ்ட்டில் 242 விக்கெட் எடுத்தவர், வாழ்நாள் முழுக்க அடித்த ரன் 167! இவர்களை வைத்துக்கொண்டு 190 வரை இழுத்தார். பாதிக்கு மேல் அவர் அடித்தது. ராபர்ட்ஸுக்கு 64 ரன்னுக்கு 7 விக்கெட். பதிலுக்கு வெஸ்ட் இண்டீஸை பிரசன்னா 192-ல் மடக்க, கடைசியில் 100 ரன்னில் ஜெயித்தோம். தொடர் இரண்டுக்கு இரண்டு.

செஞ்சுரிப் பட்டியல் எதிலும் இந்த 97 வராது. மூன்று ரன் குறைவு, பேர் கிடையாது. மீட்டர் நோட்டில் பேரில்லாத மாதிரிதான். கம்ப்யூட்டர் அதைத் தோண்டி எடுத்து உலகத்துக்குக் காட்டியது. அதற்காக அந்தக் கணக்குக்கு ஒரு கும்பிடு.

ஆனால்...

அதே சேப்பாக்கம். 1999 ஜனவரி 31. பாகிஸ்தானுக்கு எதிராக நமக்கு இலக்கு 271. 82-க்கு 5 விக்கெட் போய்விட்டது. வக்கார், வாசிம், சக்லைன். சச்சினும் மோங்கியாவும் 136 ரன் சேர்த்தார்கள். முதுகுவலியில் முகம் சுளித்துக்கொண்டே சச்சின் 136-ஐத் தொட்டார். இன்னும் 17 ரன்தான் வேண்டும் என்ற நிலையில், 254-ல் அவுட். அடுத்து வந்தவர்கள் சேர்த்தது நாலே ரன். 12 ரன்னில் தோல்வி. ஆட்ட நாயகன் பரிசு சச்சினுக்குத்தான். வாங்க அவர் வெளியே வரவில்லை. ஜெயித்த பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

நடுவர்கள் இதற்குப் பரிசு கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் நூறுக்குள் சேர்க்கவில்லை. யார் சரி?

என்னைக் கேட்டால், ஆட்டத்தின் முடிவை ஒரு பேட்ஸ்மேன் கணக்கில் ஏற்றும் இடத்தில்தான் இடிக்கிறது. சச்சின் பெவிலியனுக்குப் போய் உட்கார்ந்த பிறகு மூன்று பேர் அவுட் ஆனார்கள். அதனால் அவர் அடித்து முடித்த 136-ன் மதிப்பு குறைந்துவிடுமா? இதைத் திருப்பியும் பாருங்கள். விஸ்வநாத்தின் 97-க்கு ஏறிய மதிப்பில் பிரசன்னாவின் சுழலும் சேர்ந்திருக்கிறது. பிரசன்னா அன்று சொதப்பியிருந்தால்? ஆடியது அதே 97. இடம் 38 ஆக இருந்திருக்காது.

இதையெல்லாம் மங்கலத்துக்காரரிடம் சொன்னேன். 97 என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. அந்தப் பொங்கலுக்குத் தறியை நிறுத்திவிட்டு ட்ரான்சிஸ்டரைச் சுற்றி உட்கார்ந்தவராம். சச்சின், விஸ்வநாத் விவகாரத்தில் அவருக்கு அவ்வளவாக அக்கறை இல்லை. வேறொன்று கேட்டார்.

''ஏனுங்க, கடைசியா சந்திரசேகர் வந்து நின்னாரே... அவரு நின்னதுக்கு அந்தக் கம்ப்யூட்டர்ல எத்தனை மார்க்குங்க?''

வீட்டுக்கு வந்து ஸ்கோர்கார்டை எடுத்துப் பார்த்தேன். அவர் பேருக்கு எதிரே ஒற்றை இலக்கத்தில் ஒரு ரன் கணக்கு. அவ்வளவுதான் இருந்தது.