தாழ்ந்து செல்லும் வண்டிகள்

வண்டியை உயர்த்திக் கட்டுவது உழைப்புக்கு ஏற்றது. தாழ்த்திக் கட்டுவது அழகுக்கு ஏற்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்குப் பகுதியில் வாழும் மெக்சிக்க வழியினர் இவ்விரண்டாவது நெறியைத் தங்கள் கலையாகக் கொண்டனர். பழைய கார்களையும், பின்புறம் சரக்குத் தட்டுடைய ‘பிக்கப்’ எனும் சிறு லோரிகளையும் தரையை ஒட்டினாற்போல் தாழ்த்தி, வண்ணந்தீட்டி, வீதியில் மெல்ல ஓட்டிச் செல்வது அவர்தம் வழக்கம். இதன் வரலாறு இரண்டாம் உலகப் போரையொட்டி வேர் கொண்டதாகும்.

போர் முடிந்து திரும்பிய இளைஞர் கையில் ஓரளவு பணமும், இயந்திரங்களைக் கையாளும் பயிற்சியும் இருந்தன. புதுக் கார் வாங்கும் வசதி பலர்க்கு இல்லை. பிறர் ஓட்டிக் கழித்த வண்டிகளை மலிவாய் வாங்கித் தம் வீட்டு முற்றத்திலேயே செப்பனிட்டனர். வெள்ளை இளைஞர் வண்டியின் வேகத்தைப் பெருக்க முனைந்த அக்காலத்தில், இவர்கள் தாழ்வையும் மெதுவையும் விரும்பினர். வண்டியின் பின்பகுதியில் மணல் மூட்டைகளை ஏற்றித் தாழ்த்தியதே தொடக்க முறை. கிழக்கு லாஸ் ஏஞ்சலிசின் விட்டியர் பெருஞ்சாலை இவர்களின் உலாவீதி ஆயிற்று.

தாழ்த்தும் முறை வண்டிக்கு வண்டி மாறும். 1947-இல் ஷெவ்ரலே நிறுவனம் வெளியிட்டு, 1955-இன் தொடக்கம் வரை உருவாக்கிய பிக்கப் வரிசையைச் சான்றாகக் கொள்ளலாம். தோட்டத்துக்கும் பண்ணைக்கும் உழைக்கப் பிறந்த வண்டி அது. அதன் முன்னும் பின்னும் குறுக்கே ஒரே அச்சு ஓடும். அதன் மேல் அடுக்கடுக்கான எஃகுப் பட்டை ஸ்பிரிங்குகள் வண்டியைத் தாங்கும். பட்டைகளுள் சிலவற்றைக் கழற்றினால் வண்டி சற்றே இறங்கும். இன்னும் தாழ வேண்டுமாயின், பின் அச்சை ஸ்பிரிங்கின் அடியிலிருந்து எடுத்து அதன் மேலே பொருத்துவர். அப்பொழுது குழியில் இறங்கும் வண்டியின் அச்சு மேலெழுந்து சட்டத்தில் மோதும். ஆகவே சட்டத்தை அவ்விடத்தில் வளைவாக வெட்டி, வெட்டிய இடத்துக்கு எஃகுத் தகடு வைத்துப் பற்றவைத்து வலுவூட்ட வேண்டும். வெட்டியபின் வலுவூட்டத் தவறினால் சட்டமே முறியும். சக்கரம் திரும்புகையில் மட்காடில் உரசாமலும், பிரேக் குழாய் இழுபடாமலும் காப்பது அடுத்த கவலை. இவற்றைத் தந்தை செய்ய மகன் விளக்குப் பிடித்துக் கற்றுக்கொள்வான், மைத்துனர் வண்ணந்தீட்டுவார், இருக்கைத் துணியைப் பெண்டிர் தேர்வர். கற்பிக்கும் பள்ளி அதுவே.

இக்கலைக்கு எதிராகச் சட்டமும் எழுந்தது. 1950-களின் இறுதியில் கலிபோர்னியா மாநிலம் ஒரு விதியை இயற்றிற்று. கார்களும், 6,000 இராத்தலுக்குக் குறைந்த வணிக வண்டிகளும், சக்கர வளையத்தின் கீழ்விளிம்பை விடத் தாழ்வாக மாற்றப்படுதல் குற்றம் என்றது அது. மாற்றுவழியும் உடனே பிறந்தது. ரான் அகிரே என்பவர், தம் தந்தையின் துணையோடு, விமானத்திற்குரிய நீரழுத்தப் பம்புகளைத் தம் கார்வெட் காரில் பொருத்தினார். பொத்தானைத் தட்டினால் வண்டி உயரும். மீண்டும் தட்டினால் தாழும். காவலர் வரும்போது உயரமாகவும், சென்றபின் தாழ்வாகவும் நிற்கும் வண்டி அது! பின்னாளில் வண்டிகளை ஆடவும் துள்ளவும் செய்த வித்தைகள் யாவும் இதன் வழிவந்தவை.

எனினும் சட்டத்தின் நிழல் நெடுங்காலம் விலகவில்லை. பல நகரங்கள் வீதியுலாவையே தடை செய்தன. தாழ்ந்த வண்டியைக் கண்டால் குற்றவாளியின் வண்டி என எண்ணும் மனப்பான்மையும் வளர்ந்தது. 1977-இல் சான் ஹோசே நகரில் தோன்றிய ‘லோரைடர்’ எனும் இதழ் இம்மக்களுக்குக் குரல் அளித்தது. 2023-இல் மாநில சட்டமன்றம் அவ்விதியையும் உலாத் தடையையும் நீக்கிற்று. 2024 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட பழி அன்று நீங்கியது.

நியூ மெக்சிக்கோவின் சிமாயோ எனும் சிற்றூர் நெசவுக்கும் தேவாலயத்துக்கும் பெயர்பெற்றது. அங்கே டேவிட் ஹராமியோ என்பவர் 1969-ஆம் ஆண்டின் ஃபோர்டு கார் ஒன்றை மாற்றியமைக்கத் தொடங்கினார். 1978-இல் அவர் மறைந்தார்; வேலை நின்றது. மனைவியும் உறவினரும் அதனைத் தொடர்ந்து முடித்து, குடும்பத்தினர் உருவங்களை வண்டியில் தீட்டி, ‘டேவின் கனவு’ எனப் பெயரிட்டனர். இன்று அது ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அரும்பொருளாக உள்ளது.

உழைத்துத் தேய்ந்த வண்டியை வீட்டார் கூடி அழகுசெய்வது, உழைத்தவரின் வாழ்வைப் போற்றுவதாகும். ஒருவர் கைவிட்ட பணியை மற்றொருவர் கையேற்பதே குடும்பம் எனப்படும். சிமாயோவின் அவ்வண்டி சொல்லும் செய்தி இது.