முழுச்சேதக் கார் வாங்குதல்: மரக்காணம் உப்பளக் கரையோரம்

விபத்திலோ வெள்ளத்திலோ தீயிலோ சிக்கிய காரைப் பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாது என்று காப்பீட்டு நிறுவனம் கணக்கை முடித்துவிடுகிறது. அதன்பின் அது ஏலத்தில் கைமாறி, பட்டறையில் டிங்கரிங்கும் பெயின்ட்டும் கண்டு, மறுபடி சந்தைக்கு வருகிறது. இதுவே முழுச்சேதக் கார். வண்டி வியாபாரிகளின் பேச்சில் ‘டோட்டல் லாஸ் வண்டி’. அமெரிக்க மாநிலங்களில் இந்த வரலாறு வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே முத்திரையாக ஏறிவிடும். பிரிட்டனில் 2017 அக்டோபர் முதல் இவற்றை நான்காகப் பிரிக்கிறார்கள்: ஏ, பி வகை வண்டிகள் சாலைக்குத் திரும்பவே கூடாது, உடற்கூட்டில் அடிபட்டவை எஸ், மற்றவை என். இந்தியப் பதிவுச் சான்றிதழில் இப்படியொரு கட்டமே கிடையாது. ஆர்.சி. புத்தகத்தைப் பத்து முறை புரட்டினாலும், வாகன் இணையதளத்தில் எண்ணைத் தட்டிப் பார்த்தாலும், பதிவு நடப்பில் இருக்கிறதா, கடன் அடமானம் உண்டா என்பது தெரியும். வண்டி தண்ணீரில் கிடந்ததா என்பது தெரியாது. அந்த முத்திரையை வாங்குகிறவரே தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும். அப்படித் தேடும்போது விலை எவ்வளவு குறைகிறது என்பதை இரண்டாவதாக வைத்து, சேதம் எதனால் வந்தது என்பதை முதலாவதாக வைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுங்கச்சாவடி உள்ள ஊராக வெளியூரார் அறிந்த அனுமந்தையிலும், அதைச் சுற்றியுள்ள மரக்காணம் உப்பளப் பகுதியிலும் இந்த வரிசை மாறினால் இழப்பு பெரிது.

‘முழுச்சேதம்’ என்ற தீர்ப்பு பொறியாளர் தருவது அல்ல, கணக்காளர் தருவது. இந்தியாவில் ஒரு வண்டியை மீட்டுப் பழுதுபார்க்கும் செலவு அதன் காப்பீட்டு மதிப்பில், அதாவது ஐடிவியில், 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது முழுச்சேதமாகக் கருதப்படுகிறது. ஐடிவியோ வயதோடு இறங்கும்: ஆறு மாதத்துக்குள் 5 விழுக்காடு கழிவு, நான்கு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காடு. எட்டு லட்ச ரூபாய் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். புதிதாக இருக்கையில் ஐடிவி 7.60 லட்சம், பழுதுச் செலவு 5.70 லட்சத்தைத் தாண்டினால்தான் அது முழுச்சேதம். ஐந்தாம் ஆண்டில் ஐடிவி 4 லட்சம், எல்லை 3 லட்சம். ஆக, 3.5 லட்சம் செலவு பிடிக்கும் ஒரே அடி புதுக் காருக்கு வெறும் பழுது, பழைய காருக்கு மரணச் சான்றிதழ். இரண்டு ஏர்பேக் வெடித்து, முகப்பு விளக்குகளும் பானட்டும் போனாலே பழைய வண்டி இந்த எல்லையை எட்டிவிடலாம். எனவே முழுச்சேத வண்டியே கூடாது என்று மொத்தமாக ஒதுக்குவதும் சரியல்ல. முன்பக்கம் மட்டும் அடிபட்டு, சேஸிஸ் வளையாமல், ஏர்பேக்குகள் புதிதாக மாற்றப்பட்டு, எல்லாவற்றுக்கும் பில் இருக்கும் வண்டியைத் தகுந்த விலைக்கு வாங்குவதில் தவறில்லை. மீன் வியாபாரிக்கும் உப்பளக் குத்தகைதாரருக்கும் வாடகை ஓட்டுநருக்கும் அது நியாயமான வாய்ப்பு.

மூழ்கிய வண்டியின் கதை வேறு. 2015 டிசம்பரில் சென்னையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் சென்னையும் கண்டதை, 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது இந்தப் பகுதி கண்டது. மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை, உப்பளங்களும் மூழ்கின. மோதலில் அடிபட்ட வண்டியின் சேதம் மோதிய நொடியோடு நின்றுவிடுகிறது. அதற்குப்பின் அது கூடுவதில்லை. உப்புத் தண்ணீர் கண்ட வண்டியின் சேதம் தண்ணீர் வடிந்த பிறகுதான் வளரத் தொடங்குகிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. பாத்திகளில் தேங்கும் நீரில் அது பல மடங்கு. மழை அதை நீர்க்கச் செய்துவிடுமே என்று கேட்கலாம். ஆனால் உப்பளப் பாத்தியில் நடப்பதே கதவடிப் பெட்டிகளுக்குள்ளும் நடக்கிறது: நீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது, மீதி நீர் மேலும் மேலும் கரிக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியும். கடலோர இரவுகளில் அந்த ஈரப்பதம் சாதாரணம். ஆகவே உள்ளே தங்கிய உப்பு இரவில் நனைந்து, பகலில் காய்ந்து, இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். செம்பு இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறும். பல கார்களில் ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி இரண்டு முன்னிருக்கைகளுக்கும் நடுவே, தரையோடு ஒட்டி இருக்கிறது. வண்டிக்குள் முழங்கால் அளவுத் தண்ணீர் புகுந்தாலே முதலில் நனைவது அதுதான். அது சரியாக இருக்கிறதா என்பதைச் சாலையில் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. மோதும் நொடியில்தான் அது தெரியவரும்.

பட்டறைக்காரர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: இருக்கைகளைக் கழற்றி, கார்ப்பெட்டை உரித்து, ஒயரிங் முழுவதையும் மாற்றினால் எந்த வண்டியையும் மீட்கலாம். உண்மைதான், ஆனால் அவ்வளவையும் நேர்மையாகச் செய்தால் செலவு ஏல விலையை விழுங்கிவிடும். வண்டி மலிவாக விற்பனைக்கு நிற்கிறது என்பதே அவ்வளவும் செய்யப்படவில்லை என்பதற்குச் சாட்சி. நல்ல தண்ணீரில் சிறிது நேரம், சக்கர அச்சு அளவுக்கு மட்டும் நின்ற வண்டியை இந்த விதிக்கு விலக்காகக் கொள்ளலாம். உப்புத் தண்ணீர் இருக்கை மட்டம் ஏறிய வண்டிக்குச் சரியான விலை என்று ஒன்று இல்லை. உதிரிபாகத்துக்கோ, 2021 விதிகளின்படி பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்துக்கோ போக வேண்டியது அது.

அமெரிக்காவைப் போல நாமும் முத்திரை குத்தினால் போதாதா என்பது அடுத்த கேள்வி. முத்திரை வேண்டும்தான், ஆனால் அதையே நம்பியிருக்க முடியாது. 2005-இல் கத்ரீனா சூறாவளிக்குப் பின் அங்கே மூழ்கிய கார்களை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய், முத்திரையில்லாத புதுப் பத்திரம் வாங்கி விற்றார்கள். இங்கே இன்னொரு ஓட்டையும் உண்டு. தண்ணீருக்குள் வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால், எஞ்சின் பாதுகாப்புக்கான தனிச் சேர்க்கை இல்லாத பாலிசியில் அந்த இழப்பீடு மறுக்கப்படுவதே வழக்கம். அத்தகைய உரிமையாளர் காப்பீட்டு நிறுவனத்தை நாடாமலே புரோக்கரிடம் வண்டியைத் தள்ளிவிடலாம். எந்தப் பதிவேட்டிலும் அந்த வெள்ளம் ஏறாது. சுத்தமான காகிதம் சுத்தமான வண்டிக்கு அத்தாட்சி ஆகாது.

காகிதத்தில் குற்றமே ஒளிந்திருக்கவும் கூடும். வண்டி அழிந்தாலோ நிரந்தரமாகப் பயனற்றுப் போனாலோ உரிமையாளர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. இது நடக்காமல் நொறுங்கிய வண்டியின் ஆர்.சி. உயிரோடு கைமாறும்போது, திருட்டுக் கார் ஒன்றில் அந்தச் சேஸிஸ் எண்ணைப் பொறித்து விற்கும் தொழில் பிழைக்கிறது. 2020-இல் லக்னோ காவல் துறை இத்தகைய கும்பல் ஒன்றைப் பிடித்தது. எனவே சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் ராவிய தடமோ புது வெல்டிங்கோ இருந்தால், பேரம் அங்கேயே முடிந்தது. பெயர் மாற்றாமல் விற்கிறவருக்கும் ஆபத்து உண்டு. விற்று, பல கை மாறிய வண்டி விபத்தில் சிக்கினாலும், பதிவில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வண்டியின் வரலாற்றைக் கண்டுபிடிக்க எளிய வழி பழைய பாலிசி நகல். ஓராண்டு இழப்பீடு கோராதவருக்கு 20 விழுக்காடு நோ கிளெய்ம் போனஸ்; ஆண்டுதோறும் ஏறி அது 50 வரை போகும். ஒரே உரிமையாளரிடம் நான்கைந்து ஆண்டு இருந்த வண்டியின் பாலிசியில் அது திடீரென்று பூஜ்யமானால், அந்த ஆண்டு என்ன நடந்தது என்று கேட்கலாம். கம்பெனி சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டு அதற்குப் பதில் சொல்லும். நகலைக் காட்ட மறுப்பதும் ஒரு பதிலே. வண்டியில் பார்க்க வேண்டியவை மறைவிடங்கள்: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் தெரியும் சேற்றுக் கோடு, இருக்கை ஓடும் தண்டவாளத்தின் துரு, ஸ்டெப்னி குழியின் அடி, ஃபியூஸ் பெட்டியின் களிம்பு. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும்; எரியவே இல்லையென்றால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

அனுமந்தைக்குச் சற்றுத் தெற்கே புதுச்சேரி எல்லை தொடங்குவதால், இங்கே விற்பனைக்கு வரும் பழைய கார்களில் பி.ஒய். எண்களும் கலந்திருக்கும். அவற்றைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தமிழகத்தில் வைத்திருக்க வேண்டுமானால் புதுச்சேரியின் தடையில்லாச் சான்றோடு திண்டிவனம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் டி.என். 16 எண் பெற்று, தமிழக வரியும் கட்ட வேண்டும். பேரம் பேசும்போதே அந்தத் தொகையை விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.